பால்மரப் பலகை

சென்ற ஆண்டு நாம் ஈப்போவிலுள்ள நமது தாயாரின் சமையற்கட்டு அலமாரிகளுக்கு நமது கையாலேயே சாயம் பூசினோம். ஒருமுறையன்று, இருமுறை பூசினோம். முதன்முறை பூசியது ஒரு திங்களுக்குள் உரிந்து வீழ்ந்தது. இரண்டாம் முறை பூசியது இதனை எழுதும் இந்நாள்வரை நிற்கிறது. பேனா பிடித்துப் பிழைப்போர் சாயத் தூரிகை பிடித்த கதையை ஓர் இலக்கியப் பகுதியில் எழுதலாமோ என்று அன்பர் சிலர் கேட்கக்கூடும். சமையற்கட்டு பேசத்தகாத இடம் என்று எண்ணுவோருக்கு நாம் விடையிறுக்கப் போவதில்லை. அவர்களும் நாள்தோறும் மூன்று வேளை அவ்விடத்தின் தயவிலேதான் வாழ்கிறார்கள்.

நமது தாயார் சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு தோட்டத்திலே பதினாறாம் வயதில் பால்வெட்டக் கத்தி எடுத்தவர். 1962-ஆம் ஆண்டில் எடுத்த கத்தியை 2001-ஆம் ஆண்டில், ஐம்பத்தைந்து வயது நிறைந்தபோதுதான் கீழே வைத்தார். அதற்குள் தோட்டத்தின் பெரும்பகுதி செம்பனையாக மாறியிருந்தது. லயத்து வீடுகளும் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்தன. ஊழியர் சேமநிதியிலிருந்து வந்த தொகையில் ஒரு பங்கு ஈப்போவின் புறத்தே ஒரு தாமானில் வாங்கிய சிறு வீட்டிற்கு முன்பணமாயிற்று. ஒரு பங்கு நமது தங்கையின் திருமணத்திற்காயிற்று. மிச்சத்திலே அவர் தமக்கென்று வாங்கிக்கொண்டது ஒன்றே ஒன்று: கடையில் ஆயத்தமாகச் செய்து வைத்திருந்த சமையற்கட்டு அலமாரி. கீழே ஐந்து கதவு, மேலே நான்கு கதவு, மூன்று இழுப்பறை. தொழிற்சாலையிலேயே பூச்சு முடிந்து கண்ணாடிபோல் பளபளத்து வந்திறங்கியது.

லயத்திலே மண்ணடுப்பும், ஆணியில் மாட்டிய சட்டியும், பலகைப் பெட்டியைக் கவிழ்த்துச் செய்த தட்டுமாக நாற்பதாண்டு சமைத்தவருக்கு, மூடினால் மூடிக்கொள்ளுகின்ற கதவு ஒரு பெரும்பேறாக இருந்தது. அதன் விலைச்சீட்டை அவர் இன்றும் அரிசி டின்னுக்கடியில் வைத்திருக்கிறார். அதில் அவருடைய பெயர் எழுதியிருக்கிறது. வீடுகூட நமது தந்தையாரின் பெயரிலேதான் பதிவாயிற்று. முன்பணம் யாருடைய உழைப்பென்று பதிவு அலுவலகத்தில் யாரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. ஆகவே நமது தாயார் தம் வாழ்நாளில் தம் பெயரால் வாங்கிய பெரும்பொருள் அவ்வலமாரி ஒன்றேயாகும்.

இருபதாண்டுக்கு மேல் சென்றபின் அது யாதாகும்? அடுப்புக்கு மேலிருந்த கதவுகள் ஆவியும் எண்ணெயும் பட்டு மஞ்சளித்துப்போயின. கைப்பிடியைச் சுற்றிக் கறை படிந்தது. நீர்த்தொட்டியின் கீழிருந்த கதவின் ஓரம் ஊறி உப்பியது. சென்ற ஆண்டு ஆவணியில் நமது தங்கை மகளுக்கு அவ்வீட்டிலே நிச்சயதார்த்தம் நடத்துவதென்று முடிவாயிற்று. நாம் கோலாலம்பூரிலிருந்து வந்திறங்கியவுடன் சமையற்கட்டைக் கண்ணால் அளந்து, "அம்மா, இதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதொன்று வைத்துவிடுவோம்," என்றோம். அவர் அப்பொழுது வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வை. உன் காசு," என்றார்.

இச்சொற்களுக்குப்பின் அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. மறுநாட்காலை நாம் தேநீர் குடிக்கையில் அவரே மெல்லச் சொன்னார்: "அந்தப் பலகையெல்லாம் பால்மரம்டா தம்பி. கடைக்காரன் சொன்னான். நான் வெட்டின மரமாக்கூட இருக்கும்."

பேராக் மாநிலத்தில் இச்சொல் வெறுங்கற்பனையன்று. பிரேசில் நாட்டிலிருந்து என்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர் 1876-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 70,000 பால்மர விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசேர்த்தார். அவற்றுள் முளைத்த கன்றுகளிற் சில மறு ஆண்டே சிங்கப்பூர் வந்தன. அவற்றில் ஒன்பதைப் பேராக்கின் ரெசிடெண்டாயிருந்த கியூ லோ கோலகங்சாரில் நட்டார். அவற்றுள் ஒரு மரம் அங்கே மாவட்ட அலுவலகத்தின் அருகில் வேலியிட்டுக் காக்கப்படுகிறது. சுங்கை சிப்புட்டிலிருந்து அது தொலைவன்று. நமது தாயார் ஒருமுறை அதனைச் சென்று கண்டவர். கண்டுவந்து அவர் சொன்னது: "நல்ல வெட்டு வெட்டியிருந்தா இன்னும் பால் குடுக்கும்."

அம்மரம் இருபத்தைந்து முப்பதாண்டு பால் தந்தபின் வெட்டப்பட்டு, அவ்விடத்தில் புதுக்கன்று நடப்படும். வெட்டிய மரம் நெடுங்காலம் விறகுக்கும் புகைக்கூட்டுக்குமே பயன்பட்டது. அதன் உடலிலே மாவுப்பொருள் மிகுதி; ஆதலின் அறுத்துப் போட்ட சில நாளில் பூஞ்சணம் பற்றி நீலம் பாரிக்கும்; வண்டு துளைத்துப் பொடியாக்கும். அறுத்தவுடன் போரான் உப்புக் கரைசலை ஊட்டிச் சூளையில் உலர்த்தினால் அது நல்ல மரமென்று கண்டபின், 1980-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் மலேசிய மரச்சாமான் தொழிலின் முதுகெலும்பாயிற்று. அறுவைக்காகாத கிளைகளையும் துண்டுகளையும் ஆவியில் வேகவைத்து, நாராக அரைத்து, பிசின் கலந்து, சூட்டிலே அழுத்திப் பலகையாக்கினார்கள். எம்.டி.எஃப். என்று கடைகளிற் கூறும் பலகை இஃதே.

இதிலொரு வேடிக்கையும் உண்டு. இம்மரத்தை வெளிநாடுகளில் விற்கப் புகுந்தவர்கள் 'மலேசிய ஓக்' என்று அதற்குப் பெயரிட்டார்கள். ஓக் மரத்துக்கும் அதற்கும் உறவேதுமில்லை. பால்மரம் என்று தன் பெயரைச் சொன்னால் மதிப்பார் இல்லை போலும். இதைப் பற்றிப் பின்னரும் ஒரு சொல் கூற வேண்டியிருக்கிறது.

நிற்க. புதிய அலமாரி வேண்டாம், பழையதற்கே சாயம் பூசுவோம் என்று நாம் துணிந்தோம். துணிவு பெரிதாயிருந்தது, அறிவுதான் இல்லை. கடைக்குச் சென்று மிக்க பளபளப்புள்ள எனாமல் சாயம் ஒரு டின் வாங்கினோம். ஈரத்துணியால் கதவுகளைத் துடைத்தோம். கதவுகளைக் கழற்றாமலே, நின்ற நிலையிலேயே, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தொடங்கி மாலைக்குள் இரண்டு பூச்சையும் முடித்தோம். அன்று மாலை அது மிக அழகாயிருந்தது. நாமும் நிழற்படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினோம்.

இரண்டாம் வாரத்திலே கைப்பிடியருகில் நகம் பட்ட இடத்தில் ஒரு கீற்று உரிந்தது. மூன்றாம் வாரத்தில் இட்டிலி ஆவி படும் மேற்கதவில் கொப்புளம் கண்டது. நான்காம் வாரத்தில் நமது தாயார் ஒரு முனையைப் பிடித்து மெல்ல இழுத்தார். பாம்பு சட்டை உரித்ததுபோல் ஒரு முழம் முழுதாக வந்தது. அதன் அடியில் பழைய பூச்சு, ஒன்றும் நடவாததுபோல், பளபளவென்றிருந்தது. சாயம் வெளுத்தது என்று தமிழர் சொல்லுவதன் பொருளை அன்றுதான் முழுமையாக உணர்ந்தோம்.

அப்பொழுதுதான் மச்சானை அழைத்தோம். இவர் நமது தாயாரின் அண்ணன் மகன்; நம்மினும் ஐந்தாண்டு மூத்தவர்; புந்தோங்கில் வசிப்பவர்; முப்பதாண்டுக்கு மேலாகச் சாயம் பூசுவதே தொழிலாகக் கொண்டவர். முதன்முறையே அவரை அழைக்காததேன் என்று கேட்டால், உண்மையைக் கூறுவது நமக்குக் கடினம். எனினும் கூறுவோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருமண விருந்திலே நமது அலுவலக நண்பர் ஒருவருக்கு இவரை அறிமுகஞ் செய்ய நேர்ந்தது. "இவர் கட்டடக் குத்தகை எடுப்பவர்," என்று நாம் சொன்னோம். அவர் நண்பரைப் பார்த்துச் சிரித்து, "இல்லைங்க, சாயம் அடிக்கிறவன்," என்றார். அதன்பின் அவரை நேரில் பார்க்க நாமே கூசினோம். தோட்டத்துப் பிள்ளைகளாகிய நாம் படித்தது கையில் அழுக்குப் படாமலிருப்பதற்காகத்தான் என்று நம்மை யாரோ நம்பவைத்துவிட்டார்கள். யாரோ என்பதென்ன, நாமேதான்.

மச்சான் வந்தார். நாம் பூசியதைப் பார்த்தார். நகையாடவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு சவரத் தகட்டை எடுத்து, நன்றாயிருந்ததாக நாம் நினைத்த ஒரு கதவில் குறுக்கும் நெடுக்குமாகச் சிறு கட்டங்கள் கீறினார். அதன்மேல் ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுத்தார். கட்டங்கள் அத்தனையும் நாடாவோடு வந்தன.

"மாப்பிள்ளை, சாயத்து மேல தப்பு இல்ல. பிடிக்க ஒரு இடம் குடுக்காம விட்டுட்டீங்க," என்றார்.

பின்னர் அவர் விளக்கியதை நம் சொல்லிலே கூறுவோம். தொழிற்சாலைப் பூச்சு காற்றில் தானே உலர்ந்ததன்று. கடினமாக்கும் மருந்து சேர்த்து, விசிறியடித்து, சூட்டில் இறுக்கியது. புதுச்சாயத்திலுள்ள நீரோ எண்ணெயோ அதனைக் கரைத்து உள்ளே புகமுடியாது. மேற்பரப்பு வழுவழுப்பாயிருப்பதால் கவ்விக்கொள்ளவும் வழியில்லை. அதற்குமேல் இருபதாண்டுத் தாளிப்பின் எண்ணெய்ப்படலம் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கிறது. நாம் ஈரத்துணியால் துடைத்தது அவ்வெண்ணெயை எங்கும் பரப்புவதற்கே உதவியது.

ஆகவே இரண்டாம் முறை வேலை பின்னோக்கித் தொடங்கியது. கதவுகளைக் கழற்றினோம். ஒவ்வொரு கதவின் கீலுக்குழியிலும் எண் எழுதி அதன்மேல் காகித நாடா ஒட்டினோம். திருகாணிகள் கலந்துவிடாதபடி வைக்க ஏதேனும் கிண்ணம் உண்டா என்று மச்சான் கேட்டார். நமது தாயார் உள்ளே சென்று பழைய சாக்கொன்றைக் கொண்டுவந்து கவிழ்த்தார். பால்மங்குகள்! தோட்டத்தை விட்டு வரும்போது பன்னிரண்டை எடுத்து வந்திருக்கிறார். இத்தனை ஆண்டும் நமக்குத் தெரியாது. கதவு ஒன்பது, இழுப்பறை மூன்று, மங்குகளும் பன்னிரண்டு. வாசற்றிண்ணையில் வரிசையாய் வைத்த அம்மங்குகளில் அவரே எண்ணிப் பார்த்துத் திருகாணிகளை இட்டார்.

முதலில் நாம் பூசிய சாயத்தைச் சுரண்டியெடுத்தோம். அது நமக்கு எவ்வளவு எளிதாயிருந்தது என்பதே நமக்குத் தண்டனை. பின்னர் வெந்நீரில் சலவைச் சோடாவைக் கரைத்துத் தேய்த்துக் கழுவினோம். நல்ல நீரால் இருமுறை துடைத்தோம், சோடா மிச்சம் நின்றாலும் சாயத்துக்குக் கேடு என்பதால். உப்புத்தாள் போடுவது கழுவியபின்னரே. முன்னதாகத் தேய்த்தால் எண்ணெய் கீறல்களுக்குள் புகுந்துகொள்ளும். பின்னர் எந்தச் சோடாவாலும் அதை வெளியேற்ற இயலாது.

உப்புத்தாள் தேய்ப்பதில்தான் நாம் மீண்டும் பிழைத்தோம். இம்முறை மிகையினால். நமது குற்றவுணர்ச்சியெல்லாம் கையில் இறங்க, முரட்டுத் தாளொன்றை எடுத்து ஓங்கித் தேய்த்து ஒரு கதவின் ஓரத்தில் பூச்சை அறுத்துப் பலகையின் நாரை வெளிக்காட்டிவிட்டோம். எம்.டி.எஃப். பலகைக்கு ஓரமே உயிர்நிலை. அங்கே நீர் புகுந்தால் நார் ஊதிப் பருக்கும். அதைப் பழைய நிலைக்குக் கொணர முடியாது. மச்சான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் முக்காலியில் அமர்ந்திருந்த நமது தாயார் எழுந்துவந்தார்.

"மரத்தைக் காயப்படுத்திட்டியே. பட்டையைத்தான்டா தொடணும்," என்று சொல்லித் தாளை நம் கையிலிருந்து வாங்கினார்.

பால்வெட்டைக் கண்டிராத இளந்தலைமுறையினருக்காக இதனைச் சற்று விரித்துரைப்போம். பால்மரத்தின் பால் பட்டைக்குள்ளேயே ஓடுகிறது. பட்டைக்கும் மரத்துக்கும் இடையே, புதுப்பட்டையை வளர்க்கின்ற ஒரு மெல்லிய தோல் உண்டு. கத்தி அத்தோலைத் தொடாமல், அதற்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் முன்னாலேயே நிற்கவேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. ஆழம் மிகுந்தால் மரம் புண்பட்டு, அவ்விடத்தில் வளரும் பட்டை கட்டியும் முட்டுமாகி, மறுசுற்று வெட்டுக்கு ஆகாது. குளிர்ந்த விடியற்காலையில் பால் ஓட்டம் மிகுதியாதலால், இவ்வேலையை நெற்றியில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில், ஒவ்வொன்றுக்கும் சில நொடிகளே செலவிட்டுச் செய்ய வேண்டும். முப்பத்தொன்பது ஆண்டு இவ்வாறு செய்தவரை அரசாங்கப் பத்திரங்கள் 'தேர்ச்சியற்ற தொழிலாளி' என்றே குறித்துவந்தன. எழுதியவர்கள் கத்தியை ஒருநாள் கையில் எடுத்திருந்தால் அச்சொல்லை எழுதியிரார்.

மச்சான் 220-ஆம் எண் தாளை எடுத்துக் கொடுத்தார். நமது தாயாருடைய விரல்கள் இப்பொழுது முழுதும் மடங்குவதில்லை. கட்டைவிரலின் அடி வீங்கியிருக்கிறது. அவ்விரல்களால் தாளைத் தட்டையாய்ப் பிடித்து, கனமின்றி, ஒரே சீராக இழுத்தார். பளபளப்பு மட்டும் போயிற்று, நிறம் போகவில்லை. கதவு முழுவதும் பனி படர்ந்த கண்ணாடிபோல் மங்கியது. மச்சான் அதனைச் சாய்த்து வெளிச்சத்திற் பார்த்தார். "அத்தை, என்கிட்ட வேலைக்கு வர்றீங்களா?" என்றார். நமது தாயார் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அவ்வாறு சிரித்து நாம் கேட்டு நெடுநாளாயிற்று. அன்று ஒன்பது கதவில் நான்கை அவரே முடித்தார். முகமூடி அணியுமாறு நாம் மன்றாட வேண்டியிருந்தது. அப்பலகைத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

தூள் துடைத்தபின் வழுவழுப்பான பரப்பிலும் ஒட்டக்கூடிய பிரைமர் ஒரு பூச்சு. நாம் அறுத்த ஓரத்துக்கு மட்டும் இரண்டு. பள்ளங்களுக்குப் பட்டி வைத்து, உலர்ந்தபின் 320-ஆம் எண் தாளால் தடவிவிட்டு, அதன்பின் சாயம். இம்முறை நீரில் கரையும் வகை எனாமலை மச்சான் தேர்ந்தார். எண்ணெய் வகை வெளிச்சம் குறைந்த சமையற்கட்டில் நாளடைவில் மஞ்சளிக்கும் என்றார். நிறம் நமது தாயாரின் விருப்பம். நாம் வெள்ளை என்றோம். ஆசுபத்திரி போலிருக்கும் என்று தள்ளிவிட்டு முற்றிய இலைப்பச்சையைக் காட்டினார்.

டின்னைத் திறந்தவுடன் அவர் குனிந்து மோந்து பார்த்தார். "இதுவும் பால்தானா?" என்றார். இத்தகைய சாயத்துக்கு மேனாட்டில் லேடெக்ஸ் என்றே பெயர் வழங்குகிறது. ஆனால் அதில் மரத்தின் பால் ஒரு துளியும் இல்லை. இரண்டிலும் முறை ஒன்றே. நீரில் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் மிதக்கின்றன. தோட்டத்திலே பாலில் அமிலம் ஊற்றித் துகள்களைத் திரளச் செய்வார்கள். சாயத்திலோ நீர் ஆவியாகப் போகப்போகத் துகள்கள் நெருங்கி, ஒன்றையொன்று அழுத்தி, ஒரே தோலாக இணைகின்றன. நீர் விரைந்து போனாலும் கேடு, போகாமல் நின்றாலும் கேடு. இதை நாம் விளக்கிச் சொன்னபோது அவர், "அப்போ மழை நாளில ஆகாது," என்று முடித்துவிட்டார். மழை நாளில் பட்டை நனைந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டில்லாத நாளில் கூலியும் இல்லை. வானத்தைப் பார்த்து நாளைக் கணக்கிடும் வழக்கம் அவரை இன்னும் விடவில்லை.

அவர் சொன்னவாறே ஆயிற்று. டின்னின்மேல் இரண்டு மணி நேரத்தில் அடுத்த பூச்சு என்று அச்சிட்டிருந்தது. அக்கணக்கு காற்றில் ஈரம் பாதியளவே இருக்கும் அறையில் அளந்தது. கிந்தா பள்ளத்தாக்கிலே, சுண்ணாம்புக் குன்றுகளின்மேல் பிற்பகல்தோறும் கறுத்து நிற்கும் வானத்தின் கீழே, அக்கணக்கு செல்லுமா? மச்சான் ஒரு பூச்சுக்கு ஓர் இரவு என்று வைத்தார். கதவுகளைச் செங்கற்களின்மேல் படுக்கவைத்து, பின்புறத்தை முதலிலும் முன்புறத்தை அடுத்தும், மென்னுரை ரோலரால் மெல்லிய பூச்சாகப் பரப்பி, ஈரம் காயுமுன் நுனித்தூரிகையால் ஒரே திசையில் தொட்டும் தொடாமலும் நீவிவிடுவார். ஒருமுறை நீவியபின் திரும்பிப் பார்க்கக்கூடாது. காயத் தொடங்கிய இடத்தில் மறுபடி தூரிகையை வைத்தால் தழும்பு விழும். நாம் இருமுறை வைத்தோம்.

பூசி முடிந்தபின்னும் வேலை முடியவில்லை. தொட்டால் ஒட்டாத சாயம் வேறு, இறுகிய சாயம் வேறு. முழுதும் இறுக மூன்று நான்கு வாரம் செல்லும். அதுவரை ஈரத்துணியும் ஆவியும் கூடா. நிச்சயதார்த்தமோ பத்தொன்பதாம் நாள்! உறவினர் ஐம்பது பேருக்குச் சமைக்க வேண்டும். இறுதியில் வீட்டின் பின்புறம் கூடாரம் கட்டி அடுப்பு மூட்டி, அன்றைய சமையலை ஆடவர் நால்வர் ஏற்றுக்கொண்டோம். சாம்பாரைப் பற்றி எழுத இங்கே இடமில்லை. நமது தாயாரும் தங்கையும் தம் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு விசேஷத்தில் பட்டுப்புடவையோடு முன்கூடத்தில் அமர்ந்திருந்தார்கள் என்பதை மட்டும் குறிப்போம். செலவு, பிரைமரும் சாயமும் தாளும் சேர்த்து, 300 வெள்ளிக்குள் அடங்கிற்று. மச்சான் கூலி வாங்க மறுத்தார். நாம் வற்புறுத்தினோம்; நமது தாயார், "தொழிலுக்குக் கூலி வாங்கணும்டா," என்று கடிந்தபின் வாங்கிக்கொண்டார்.

கதவுகளை மாட்டிய அன்று நமது தாயார் ஒவ்வொன்றையும் திறந்து மூடிப் பார்த்தார். கீழ்வரிசை மூன்றாங் கதவில் கட்டைவிரல் நின்றது. அங்கே சாயம் ஒரு துளி ஒழுகிக் காய்ந்திருந்தது. "இது நீ அடிச்சதுதானே?" என்றார். தேய்த்து மறுபடி பூசிவிடுவதாகச் சொன்னோம். வேண்டாமென்று கதவை மூடினார். அத்துளி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

நிச்சயதார்த்தத்துக்கு அந்தப் பழைய அலுவலக நண்பரும் வந்திருந்தார். கை கழுவச் சமையற்கட்டுக்குள் சென்றவர், எந்தக் கடையில் வாங்கியது என்று வியந்து கேட்டார். மச்சான் அருகில் பந்திக்கு இலை அடுக்கிக்கொண்டிருந்தார். நாம் அவர் தோளைத் தொட்டு, "வாங்கியதன்று, பழைய பலகைதான். இவர் நமது மச்சான். சாயம் பூசுபவர். இது இவர் செய்தது," என்றோம். நண்பர் உடனே தம் வீட்டு அலமாரிகளைப் பற்றித் தொடங்கிவிட்டார். எப்பொழுது வரமுடியும், அடுத்த வாரம் இயலுமா என்று நெருக்கினார்.

மச்சான் இலையை வைத்துவிட்டு, "தீபாவளி வரைக்கும் கையில வேலை இருக்குங்க. அதுக்கப்புறம் பார்க்கலாம். ஆனா அதுவரைக்கும் நீங்களா ஒன்னும் பூசிடாதீங்க," என்று சொல்லி, நம்மைப் பார்த்துச் சிரித்தார்.